சினம் அமர்த்தும் தொடர்கள் (நெல்லைத் தமிழ்)

சினம் அமர்த்தும் தொடர்கள் என்பன, கோபத்திலோ பதற்றத்திலோ இருக்கும் ஒருவரை அமைதிப்படுத்தும் பொருட்டுப் பேச்சு வழக்கில் சொல்லப்படும் ஏவல் தொடர்கள் ஆகும். இக்கட்டுரை திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணிப் படுகை முதல் உவரி போன்ற கடற்கரை ஊர்கள் வரை வழங்கும் தொடர்களைப் பற்றியது. "பைய", "பொறு", "சும்மா கெட", "சவத்த விடு", "அவயம் போடாத" என்பன இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. "அமைதியாக இரு" என்னும் பொதுத்தமிழ்த் தொடர் இப்பகுதியில் பெரும்பாலும் வகுப்பறைக்கும் ஒலிபெருக்கிக்கும் உரியது. வீட்டிலும் தெருவிலும் ஒருவரை அமர்த்தும்போது அமைதி என்ற சொல் அரிதாகவே வரும்.

இத்தொடர்களின் பொருளை அகராதியைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. ஒரே தொடர், சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துச் சண்டையை நிறுத்தவும் கூடும். நின்றுபோன சண்டையை மீண்டும் மூட்டவும் கூடும். வேறுபாடு பெரும்பாலும் வினைச்சொல்லில் இல்லை. அதன் இறுதியில் ஒட்டும் ஓரெழுத்திலோ, அதற்கு முன்னால் வரும் விளியிலோ இருக்கிறது.

வழங்கும் பகுதி

உவரி, திசையன்விளைக்கு அருகில், திருச்செந்தூரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊராகும். உவரி என்ற சொல்லுக்கே உப்புநீர், கடல் என்று அகராதிகள் பொருள் தருகின்றன. சுயம்புலிங்க சுவாமி கோயில், புனித அந்தோணியார் திருத்தலம், கப்பல் வடிவில் கட்டப்பட்ட கப்பல் மாதா ஆலயம் ஆகிய மூன்றும் இங்கு உள்ளன. கரையில் மீன்பிடித் தொழிலும், கரையை விட்டுச் சற்று உள்ளே சென்றால் செம்மணல் தேரியும் பனைத்தொழிலும் காணப்படுகின்றன. இன்னும் வடக்கே சென்றால் தாமிரபரணியின் வயல்கள் வருகின்றன. நெல்லைத் தமிழ் என்று பொதுவாகக் குறிக்கப்படும் வழக்கு இந்நிலங்கள் அனைத்திலும் பேசப்படினும், எல்லா இடத்திலும் ஒரே குரலில் பேசப்படுவதில்லை. அலையோசைக்கும் படகு இயந்திரத்தின் இரைச்சலுக்கும் மேலே எழும்பிப் பேசிப் பழகிய கடற்கரையாரின் இயல்பான பேச்சைச் சண்டை என்று உள்நாட்டார் எண்ணுவது உண்டு. சண்டையே இல்லாத இடத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் "ஏன் சத்தம் போடுகிறீர்கள்" என்று கேட்டு, அதன் பிறகே உண்மையான சண்டை தோன்றுவதும் உண்டு.

விளியும் ஈறும்

நெல்லைத் தமிழில் முன்னிலை இடத்துக்கு நீ, நீரு, நீங்க என மூன்று படிகள் உள்ளன. பொதுத்தமிழ்ப் பேச்சில் பெரும்பாலும் மறைந்துபோன நடுப்படியாகிய "நீரு" (நீர்) இங்கு இன்றும் உயிருடன் இருக்கிறது. பொறு என்ற ஒரே வினை, இப்படிகளுக்கு ஏற்பப் பின்வருமாறு மாறுகிறது.

"பொறுல" அல்லது "பொறுலே" என்பது ஒத்த வயதுடைய அல்லது இளைய ஆணிடம் சொல்லப்படுவது. "பொறுடே" என்பது நண்பர்களிடையே வழங்குவது. தெற்கே நாஞ்சில் நாட்டை நெருங்க நெருங்க இது மிகுதியாகக் கேட்கும். "பொறும்வே", "பொறும் ஓய்" என்பவை நடுத்தர வயதைக் கடந்த ஆண்கள் தமக்குள் பேசுவது; இவற்றில் மதிப்பும் உண்டு, கேலிக்கு இடமும் உண்டு. "பொறுங்க", "பொறுங்கய்யா", "பொறுங்க அண்ணாச்சி" என்பன மூத்தோரிடமும் அறிமுகமில்லாதோரிடமும் சொல்லப்படுபவை. பெண்களிடம் "பொறுட்டி", "பொறுளா" என்ற வடிவங்கள் வழங்குகின்றன. இவற்றின் தனி விளிகள் "ஏட்டி", "ஏளா" என்பனவாகும். மூத்த பெண்ணை "யக்கா", "மயினி", "ஆச்சி" என முறை சொல்லி அழைத்தே அமர்த்துவர்.

அண்ணாச்சி என்பது சொற்பொருளில் அண்ணனைக் குறிப்பினும், உறவு இல்லாத எந்த மூத்த ஆணையும், கடைக்காரரையும் அழைக்கப் பயன்படுகின்றது. தாயோ பாட்டியோ தம் வீட்டுப் பையனை அமர்த்தும்போது இப்படிகள் எவற்றையும் கைக்கொள்வதில்லை. "எய்யா", "எஞ்சாமில்லா", "நல்ல புள்ளைல்லா", "மக்கா" என்று சொல்லி, ஏவலையே விட்டுவிடுவதும் உண்டு. "-ல்லா" என்பது அல்லவா என்பதன் திரிபு. "நீ நல்ல பிள்ளை அல்லவா" என்று கேட்கும்போது, அடங்கு என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

ஒரு வாய்ச்சண்டை முற்றுவதை இப்பகுதியில் சொற்களின் கடுமையைவிட முன்னிலையின் இறக்கத்தைக் கொண்டே விரைவாக அறியலாம். "நீங்க" என்று தொடங்கியவர் "நீரு" என்பார். பின்னர் "நீ" என்பார். இறுதியில் "ல" வந்து ஒட்டும். "ல" வந்தபின் கை நீளத் தாமதமாகாது. எனவே விலக்கிவிட வருபவர் செய்யும் முதல் வேலை, இறங்கிவிட்ட படியை மீண்டும் ஏற்றுவதாகும். எடுத்துக்காட்டாக, கரையில் மீன் ஏலத்தின்போது இருவர் மோதிக்கொண்டால், நாள்தோறும் "வாரும்வே" என்று அழைக்கும் ஒருவரை அன்று மட்டும் "அண்ணாச்சி, நீங்க இங்க வாங்க, நான் கேக்கேன்" என்று அழைப்பர். வழக்கத்தைவிட ஒருபடி மேலான மரியாதை அந்த நேரத்தில் மருந்தாகிறது. இங்கே அமர்த்தும் தொடர் என்று தனியாக எதுவும் சொல்லப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கு மறுபக்கமும் உள்ளது. நண்பர்களுக்கிடையில் அன்பாக ஒலிக்கும் "ல", வேறு இடத்தில் அவமதிப்பு ஆகும். சாதி மேலாண்மை நிலவும் ஊர்களில், தன்னைவிட மூத்த ஒருவரை இளையவர் "ஏலே, சும்மா கெட" என்று அதட்டுவது நெடுங்காலம் இயல்பாகக் கருதப்பட்டது. அது அமைதிப்படுத்தும் பேச்சு அன்று. இடத்தை நினைவூட்டும் பேச்சு. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுப்பார்வைக்குட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்பதை 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. நெல்லைப் பகுதியின் மோதல்கள் பலவற்றில் தொடக்கம் ஒரு விளிச்சொல்லாக இருந்தது என்று ஊரார் சொல்லும்போது, அதை மிகை என்று தள்ளிவிட முடியாது.

பைய, பொறு

"பைய" என்பதற்கு மெதுவாக என்பது பொருள். "பைய போ", "பைய பேசு", "பையச் சொல்லு" என வேகத்தையும் குரலையும் ஒருசேரக் குறைக்கச் சொல்லும் சொல் இது. பழஞ்சொல்லும் ஆகும். திருக்குறளில் குறிப்பறிதல் அதிகாரத்தில் 1098 ஆம் குறளில், தலைவி மெல்லச் சிரிப்பதைக் குறிக்க இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. திருஞானசம்பந்தர் மதுரையில் தாம் தங்கிய மடத்துக்கு வைக்கப்பட்ட தீயைப் பாண்டியனிடம் மெதுவாகச் செல்லுமாறு கேட்டுப் பாடிய தேவாரப் பதிகத்திலும் இச்சொல் வருகின்றது. எழுத்துத் தமிழில் மெதுவாக, மெல்ல என்பவை இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தென்மாவட்டப் பேச்சு இதைக் கைவிடவில்லை. மலையாளத்திலும் "பய்யெ" என இது வழங்குகின்றது.

கோபத்தில் உள்ளவரிடம் "பைய" என்று சொல்லும்போது, கோபம் தவறு என்று சொல்லப்படுவதில்லை. சொல்ல வந்ததைச் சொல், ஆனால் வேகத்தைக் குறைத்துச் சொல் என்பதே அதன் உட்பொருள். இத்தொடர் பெரும்பாலும் பகையை வளர்க்காமல் இருப்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

"பொறு" என்பது இரு பொருள் உடையது. சற்று நேரம் காத்திரு என்பது ஒன்று; தாங்கிக்கொள் என்பது மற்றொன்று. திருக்குறளில் பொறையுடைமை என ஓர் அதிகாரமும் (16) வெகுளாமை என மற்றோர் அதிகாரமும் (31) தனித்தனியே உள்ளன. பேச்சுத் தமிழ் இவ்விரண்டையும் ஒரே ஏவலில் முடித்துவிடுகிறது. சண்டை விலக்குபவர் "பொறு, பொறு" என்று அடுக்கிச் சொல்லும்போது முதற்பொருளும், வீட்டில் மூத்தவர் "கொஞ்சம் பொறுத்துப் போ" என்று சொல்லும்போது இரண்டாம் பொருளும் முன்னிற்கின்றன. பின்னது யாரிடம் மிகுதியாகச் சொல்லப்படுகின்றது என்று பார்த்தால், மருமகள்களிடம்தான். "பொறுத்துப் போ" என்பதைக் கேட்டுக்கொண்டே ஒரு வாழ்நாளைக் கழித்த பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றனர்.

சும்மா கெட

"கெட" என்பது "கிட" என்பதன் பேச்சு வடிவம். "சும்மா இரு" என்னும் பொதுவழக்கு இங்கு "சும்மா கெட" என்றும் வரும். சைவ மரபில் சும்மா இருத்தல் என்பது சொல்லும் எண்ணமும் அடங்கிய உயர்ந்த நிலையைக் குறிக்கும். தாயுமானவர் பாடல்களில் இக்கருத்து மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். தெருவில் அதே தொடர் வாயை மூடு என்பதற்குச் சற்று மேலான நாகரிகமாக மட்டுமே நிற்கின்றது.

"கிட" என்ற வினைக்கு நெல்லைத் தமிழில் இன்னொரு பயன் உண்டு. "அவன் கெடக்கான், விடு" என்பது மிகப் பரவலான ஓர் அமர்த்தும் தொடர். இதில் ஏவல் கேட்பவரை நோக்கியதாயினும், தாழ்த்தப்படுபவர் அங்கு இல்லாத எதிராளி ஆவார். அவன் ஒரு பொருட்டே அன்று, எங்கோ கிடக்கிறான், அவனுக்காக உன் நெஞ்சைப் புண்ணாக்காதே என்பது பொருள். "கெடக்கான் கோட்டிப் பய" என்று நீட்டிச் சொல்வதும் உண்டு. கோட்டி என்பது இவ்வழக்கில் பித்தைக் குறிக்கும். எதிராளி காதில் விழும்படி இதைச் சொன்னால் விளைவு நேர்மாறாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சவத்த விடு

வெளியூரார் கேட்டுத் திடுக்கிடும் தொடர் இதுவேயாகும். சவம் என்பது பிணம். நெல்லை, குமரி வழக்குகளில் சவம், மூதி (மூதேவி என்பதன் குறுக்கம்), எளவு (இழவு) ஆகியவை வசையாகவும், வசையின் கூர்மை மழுங்கி வெறும் சலிப்புச் சொற்களாகவும் வழங்குகின்றன. "சவத்த விடு", "எளவ விட்டுத் தள்ளு" என்பவற்றுக்கு, அந்த ஒன்றுக்கும் உதவாத விடயத்தை விட்டுவிடு என்பதே பொருள். மழையில் நனைந்த துணி, நின்றுபோன பேருந்து, திரும்பி வராத கடன் ஆகிய எதையும் சவம் எனலாம்.

இத்தொடர் பணியாற்றும் முறை தெளிவானது. கோபம் ஒரு பொருளைப் பெரிதாக்குகிறது. சவம் என்ற சொல் அதே பொருளை உயிரற்றதாக்கிவிடுகிறது. செத்ததுடன் யார் சண்டையிடுவர்? எனினும் துக்க வீட்டிலும், நோயாளி இருக்கும் வீட்டிலும் இச்சொல்லை எவரும் வாயில் கொண்டுவருவதில்லை. அங்கே அதன் பழைய பொருள் உடனே உயிர் பெற்றுவிடும்.

செய்யாதே என்பவை

அமர்த்தும் தொடர்களில் ஒரு பெரும் பகுதி எதிர்மறை ஏவல்கள் ஆகும். "அவயம் போடாத" என்பது கூக்குரல் இடாதே எனப் பொருள்படும். இதை அபயம் என்ற சொல்லின் திரிபாகக் கொள்ளலாம். "சலம்பாத" என்பது ஓயாது இரைந்து பேசாதே என்பது. "ஏசாத" என்பது திட்டாதே என்பது. ஏசுதல் என்பது இப்பகுதியில் திட்டுதலுக்கு உரிய இயல்பான சொல். "வெப்ராளப்படாத" என்பது சற்று வேறானது. வெப்ராளம் என்பது கோபமும் ஆற்றாமையும் கலந்து நெஞ்சை அடைக்கும் நிலை. இதற்கு நிகரான ஒற்றைச் சொல் பொதுத்தமிழில் இல்லை. உரிய இடத்தில் சொல்லாமல் விழுங்கிய கோபம், வீட்டுக்கு வந்தபின் வெப்ராளம் ஆகிறது. இச்சொல்லைக் கொண்டு ஒருவரை அமர்த்தும்போது அவரது துன்பத்தையும் ஒப்புக்கொண்டதாகிறது.

உடலின் அசைவைத் தடுக்கும் தொடர்களும் உள்ளன. "துள்ளாத", "குதிக்காத", "வரிஞ்சு கட்டிக்கிட்டு வராத" என்பன அவை. கைலியை இங்குச் சாரம் என்பர். சாரத்தை மடித்துக் கட்டுவது பெரியவர் முன் மரியாதைக் குறைவு. சண்டையில் அது அறைகூவல். எனவே "மொதல்ல சாரத்த எறக்கி விடு" என்று சொல்லி ஒருவரை அமர்த்துவதும் உண்டு. ஆங்கிலத்தில் "கீப் யுவர் ஷர்ட் ஆன்", அதாவது சட்டையைக் கழற்றாதே, என்ற தொடர் இதற்கு மிக அருகில் வருகின்றது. அடிதடிக்கு முன் சட்டையைக் கழற்றும் வழக்கத்தை ஒட்டி அது எழுந்தது என்பர்.

வெம்மையும் தண்ணீரும்

சினத்தைத் தீயாகவும் கொதிப்பாகவும் காணும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வெகுளியை வைத்து, உறுப்புகளைச் சிதைத்தல், குடும்பத்துக்குக் கேடு செய்தல், வருத்துதல், கொல்லுதல் ஆகிய நான்கும் அது பிறக்கும் இடங்கள் என்கிறது. ஔவையாரின் ஆத்திசூடியில் சினத்துக்கு ஆளப்படும் வினை ஆறுதல் என்பதாகும். சூடான பாலும் ஆறும், புண்ணும் ஆறும், சினமும் ஆறும். அடங்குதல், ஓய்தல், அமர்தல் ஆகியவை காற்றுக்கும் கடலுக்கும் மனிதருக்கும் பொதுவான வினைகளாக இருப்பதையும் இங்குக் குறிப்பிடலாம்.

இதன் விளைவாக, சினந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதே ஒரு தொடராக ஆகியுள்ளது. "மொதல்ல ஒரு வாய் தண்ணியக் குடி" என்பதற்கு மறுப்புச் சொல்வது எளிதன்று. குடிக்கும் நேரத்தில் பேச முடியாது. குடித்து முடித்தபின் விட்ட இடத்திலிருந்து அதே சுருதியில் தொடர்வதும் கடினம். பனங்காட்டுப் பகுதிகளில் பருவகாலத்தில் பதனீரும், மற்ற நேரத்தில் கருப்பட்டிக் காப்பியும் இந்த வேலையைச் செய்வதுண்டு. காப்பி சூடான பானம் ஆயிற்றே என்று கேட்பவர்கள், அது வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

சாமி மலையேறுதல்

நெல்லைப் பகுதியின் நாட்டார் கோயில்களில், குறிப்பாகச் சுடலைமாடன் கோயில்களில், நடைபெறும் கொடை விழாக்களில் சாமியாடுதல் இன்றியமையாத பகுதியாகும். வில்லுப்பாட்டும் மேளமும் உச்சத்தை அடையும்போது அருள் வந்து ஆடுபவரை இங்குக் கோமரத்தாடி என்றும் அழைப்பர். ஆட்டம் முடிந்து அருள் நீங்குவதைச் "சாமி மலையேறிவிட்டது" என்பது வழக்கு.

இவ்வழக்கு சினத்துக்கும் மாற்றப்பட்டுள்ளது. காரணமின்றிக் குதிப்பவரைப் பார்த்து "சாமியாடாத" என்பர். சற்று நேரம் கழித்து, "என்ன, சாமி மலையேறிட்டா?" என்று கேட்பர். இக்கேள்வி அவரை எள்ளுவது போலத் தோன்றினும், ஒரு வாயிலையும் திறந்து விடுகிறது. ஆடியது அவர் அன்று, அவர்மேல் வந்தது ஏதோ ஒன்று, அது போய்விட்டது, இனி அவர் வெட்கமின்றி நம்முடன் உட்காரலாம். சினந்தவர் தம் மதிப்பை இழக்காமல் திரும்பி வருவதற்கு இதைவிட நயமான வழி வேறு வட்டார வழக்குகளில் உள்ளதா என்பது ஆராயத்தக்கது.

பிற வட்டாரங்களில்

கொங்குப் பகுதியில் "கம்முனு இருங்கொ" என்பது பெருவழக்கு. சென்னையில் "டென்சன் ஆகாதே", "காண்டாவாதே", "லூசுல விடு" போன்றவை வழங்குகின்றன. இசைக்கருவி வாசிப்பிலிருந்து வந்த "அடக்கி வாசி" தமிழகம் முழுதும் அறியப்பட்டது. யாழ்ப்பாணத் தமிழில் "அந்தரப்படாதையுங்கோ" என்பது பதறாதீர்கள் எனப் பொருள் தரும். அங்கு "ஆறுதலா வாங்கோ" என்றால் அவசரமின்றி மெதுவாக வாருங்கள் என்பதே பொருள். தமிழகத்தார் அதைத் துக்கம் விசாரிக்கும் சொல்லாக எண்ணி மயங்குவதுண்டு. நெல்லையின் "நீரு", "பொறும்" போன்ற நடுப்படி வடிவங்கள் யாழ்ப்பாணத்திலும் இருப்பது இரு கரைகளின் பேச்சையும் ஒப்பிடுவோர் கவனிக்க வேண்டிய ஒன்று.

பிரித்தானிய ஆங்கிலத்துடன் ஒப்பீடு

பிரித்தானியப் பேச்சு வழக்கில் இவ்வகைத் தொடர்கள் பல உள்ளன. "கீப் யுவர் ஹேர் ஆன்" (தலைமுடி தலையிலேயே இருக்கட்டும்) என்பது 19 ஆம் நூற்றாண்டு முதல் வழங்குவது. "ஸ்டெடி ஆன்" என்பது நம் "பைய" என்பதற்கு நெருங்கியது. உள்ளாடை முறுக்கிக்கொள்வதைச் சொல்லிக் கேலி செய்யும் தொடர் ஒன்றும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை நகைப்பைக் கொண்டு சினத்தைக் குறைக்க முயல்பவை. நெல்லைத் தொடர்களைப்போல விளியாலும் ஈற்றாலும் படி ஏற்றி இறக்கும் வசதி ஆங்கிலத்தில் இல்லாததால், அங்கே குரலும் நகைச்சுவையுமே அந்தச் சுமையைத் தாங்குகின்றன.

துறைமுக நகரமான லிவர்பூலின் வட்டாரப் பேச்சை நகையாடி, 1990களின் தொடக்கத்தில் ஆரி என்ஃபீல்டு பிபிசி தொலைக்காட்சியில் நடித்த காட்சிகளில், ஓயாது சண்டையிடும் பாத்திரங்கள் "காம் டவுன், காம் டவுன்" என்று இழுத்துச் சொல்வது புகழ்பெற்றது. அதன்பின் அந்நகரத்தார் எங்குச் சென்றாலும் அத்தொடரைக் கேட்க வேண்டியதாயிற்று. தமிழ்த் திரைப்படங்கள் "ஏலே" என்ற விளியை முரடர்களின் அடையாளமாக்கியதை இதனுடன் ஒப்பிடலாம்.

தொடரின் பொருள் சொல்பவரைச் சார்ந்தது என்பதற்கு அங்கும் சான்று உண்டு. 2011 ஏப்ரலில் பிரித்தானிய மக்களவையில் அப்போதைய தலைமை அமைச்சர் டேவிட் கேமரன், எதிர்க்கட்சி உறுப்பினர் ஏஞ்சலா ஈகிளை நோக்கி "காம் டவுன், டியர்" என்றார். அது ஒரு காப்பீட்டு விளம்பரத்தில் இயக்குநர் மைக்கேல் வின்னர் சொல்லிப் பரவிய நகைச்சுவைத் தொடர். ஆயினும் அவையில் ஒரு பெண் உறுப்பினரிடம் சொல்லப்பட்டதும் அது அவமதிப்பாகக் கொள்ளப்பட்டுக் கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இங்கே குற்றம் "அமைதி கொள்" என்பதில் இல்லை. "டியர்" என்ற விளியில் இருந்தது. "பொறுட்டி" என்று ஓர் ஊர்க்கூட்டத்தில் ஒரு பெண்ணிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதை அறிந்த நெல்லைக்காரர் எவருக்கும் இச்செய்தி விளங்கும்.

அதிகாரத்தின் அமைதி மொழி

அரசுகளும் மக்களை அமர்த்த முயல்வதுண்டு. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் 1939 இல் பிரித்தானிய அரசு "கீப் காம் அண்ட் கேரி ஆன்" என்ற சுவரொட்டியை ஏறத்தாழ 24.5 இலட்சம் படிகள் அச்சிட்டது. அது பொதுமக்கள் பார்வைக்கு வந்ததே அரிது. பெரும்பாலானவை பின்னர் கூழாக்கப்பட்டன. 2000 ஆம் ஆண்டில் ஆல்ன்விக் என்ற ஊரின் பழைய புத்தகக் கடையில் ஒரு படி கண்டெடுக்கப்பட்ட பின்னரே அது உலகப் புகழ் பெற்றது.

உவரிக்குத் தெற்கே அதே கடற்கரையில் அமைந்துள்ள இடிந்தகரையில், கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரான போராட்டம் 2011 ஆகத்து முதல் தீவிரமடைந்தது. அவ்வாண்டு நவம்பரில் மக்களின் அச்சத்தைப் போக்கும் பொருட்டு நடுவண் அரசு 15 உறுப்பினர் கொண்ட வல்லுநர் குழுவை அமைத்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமும் நிலையத்தைப் பார்வையிட்டு, அஞ்ச வேண்டியதில்லை என்றார். 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையைக் கண்ட கடற்கரையாரிடம் இச்சொல் எளிதில் ஏறவில்லை. அவர்கள் கேட்டது விளக்கத்தை. கிடைத்தது ஆறுதல் என்று போராட்டத்தினர் கருதினர். அச்சம் அடங்காமலேயே 2013 சூலையில் முதல் அணு உலை தொடர்வினை நிலையை எட்டியது. திட்டத்தின் நன்மை தீமைகள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. "பைய" என்பதற்கும் "பதறாதீர்கள்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் இங்குக் குறிக்கலாம்: முன்னது பேச்சைத் தொடரச் சொல்கிறது, பின்னது முடிக்கச் சொல்கிறது.

இலக்கியத்திலும் அகராதிகளிலும்

நெல்லைப் பேச்சைக் கதைகளில் கொண்டுவந்தோருள் புதுமைப்பித்தன் முன்னோடி ஆவார். கடற்கரை மக்களின் பேச்சு, வண்ணநிலவனின் கடல்புரத்தில் (1977) புதினத்தில் இடம்பெற்றது. உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் எழுதிய ஆழி சூழ் உலகு (2004) அப்பேச்சை மிக விரிவாகப் பதிவு செய்தது. அவரது கொற்கை (2009) 2013 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. கி. ராஜநாராயணன் 1982 இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, வட்டார அகராதிகளுக்கு வழிகாட்டியாக அமைந்தது. ஆயினும் அகராதிகள் சொற்களைத் தொகுக்கும் அளவுக்கு, அவற்றை யார் யாரிடம் சொல்லலாம் என்பதைத் தொகுப்பதில்லை. "வே" என்ற ஈற்றுக்குப் பொருள் எழுதுவது எளிது. அதை எந்த வயதில், எவ்வளவு பழக்கத்துக்குப் பின் ஒருவரிடம் சொல்லத் தொடங்கலாம் என்பதை நெல்லையில் வளர்ந்தவர்கள் கேட்டுக் கேட்டே அறிகின்றனர்.

புதிய வடிவங்கள்

ஆங்கிலச் சொற்கள் இத்தொடர்களுக்குள் புகுந்துவிட்டன. எனினும் ஈறுகள் மாறவில்லை. "டென்சனாவாதல", "கூலா இரும்வே", "ரிலாக்சா இருங்க அண்ணாச்சி" என்பன இன்று இளைஞரிடமும் முதியோரிடமும் கேட்கப்படுகின்றன. கைப்பேசியில் எழுதி அனுப்பும்போது குரலும் முகமும் இல்லாமையால் "பொறுல" என்பது அன்பா அதட்டலா என்று தெரியாமல் போவதுண்டு. இதனால் "மக்கா" என்ற விளியைச் சேர்த்து எழுதுவோர் உளர்.